விசுவாசம், அன்பு, பரிசுத்தம்: ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குள் இவற்றுக்கு என்ன பொருள்?

பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ‘விசுவாசம், அன்பு, பரிசுத்தம்’ என்ற மூன்று சொற்களும் ஒரே மூச்சில் வந்து விழும். திருமண ஆராதனையில் மணமக்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனையிலும், புது வீட்டுப் பிரதிஷ்டையில் போதகர் ஏறெடுக்கும் ஜெபத்திலும், ஞாயிறு பள்ளி மனப்பாட வசனத்திலும் அவற்றைக் கேட்டிருக்கிறோம். அடிக்கடி கேட்டதினாலேயே பொருள் மழுங்கிப்போன சொற்கள் அவை. கிறிஸ்தவக் குடும்பத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண், ‘பரிசுத்தமாக வாழ வேண்டும் என்கிறீர்களே, அதற்காக வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்டால், தொட்டிலிலிருந்தே சபையில் இருக்கிற நமக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. அப்படிக் கேட்கிறவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று சொற்களும் சேர்ந்து வருகிற வசனம் 1 தீமோத்தேயு 2:15. எபேசு பட்டணத்துச் சபையைக் கவனித்துக்கொண்டிருந்த தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட நிருபம் அது. விசுவாசத்திலும் அன்பிலும் பரிசுத்தத்திலும் நிலைகொண்டிருந்தால் பெண் பிள்ளைப்பேற்றினாலே இரட்சிக்கப்படுவாள் என்கிறது வசனம். வசனம் எளிதானது அன்று. பிள்ளைப்பேற்றினால் பெண் இரட்சிக்கப்படுவாள் என்பதற்கு என்ன பொருள் என்று விளக்கவுரையாளர்கள் நூற்றாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அங்கே ஒரு சிறிய இலக்கணச் செய்தி இருக்கிறது. கிரேக்க மூலத்தில் வாக்கியம் ‘அவள்’ என்று ஒருமையில் தொடங்கி, ‘அவர்கள் நிலைகொண்டிருந்தால்’ என்று நடுவில் பன்மைக்கு மாறிவிடுகிறது. தமிழில் ‘நிலைகொண்டிருந்தால்’ என்ற எச்சம் ஒருமை பன்மை காட்டாது என்பதால், நம் வேதாகமத்தில் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த ‘அவர்கள்’ யார்? பொதுவாகப் பெண்கள் எல்லாரும் என்பார் உண்டு. கணவனும் மனைவியும் என்பாரும் உண்டு. பிள்ளைகளே என்று 4ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரசங்கியாரான யோவான் கிறிசோஸ்தோம் கொண்டார். எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும் இது ஒருத்தியின் தலையில் மட்டும் வைக்கப்பட்ட சுமை இல்லை என்பது தெளிவு. வீட்டின் பக்தியை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு அந்தப் பன்மை ஒத்துவராது.

முதலில் விசுவாசம். இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் இருப்பதை இரண்டு வேதாகமங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைச் சீர்திருத்த (புராட்டஸ்டண்டு) சபைகளின் வேதாகமம் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று தருகிறது. 1995இல் வெளிவந்த, கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்போ அதையே ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என்று தருகிறது. ஆக, நம்பிக்கை என்ற ஒரே சொல் ஒரு வேதாகமத்தில் இரண்டாவதாகவும் மற்றதில் முதலாவதாகவும் நிற்கிறது. கத்தோலிக்க வீட்டுப் பெண்ணைச் சீர்திருத்த சபை வீட்டில் கட்டிக்கொடுத்தால், ‘ஜெபம்’ என்பதற்கும் ‘செபம்’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிட இதுதான் அவளைக் கூடுதலாகக் குழப்பும்.

எனினும் பேச்சுத்தமிழ் ‘விசுவாசம்’ என்ற சொல்லுக்கு நல்லதொரு பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நாயை விசுவாசமுள்ள பிராணி என்கிறோம். பல வருஷம் ஒரே முதலாளியிடம் இருந்தவரை விசுவாசமான ஆள் என்கிறோம். இந்த இடங்களில் விசுவாசம் என்பது மனத்துக்குள் ஒரு கருத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. விட்டுப் போகாமல் கூடவே நிற்பது அது. வேதாகமத்தின் மூலச் சொற்களுக்கும் இந்தப் பொருள் உண்டு. ‘பிஸ்டிஸ்’ என்ற கிரேக்கச் சொல் நம்புவதையும் நம்பத்தக்கவராய் இருப்பதையும் ஒருசேரக் குறிக்கும். ‘எமுனா’ என்ற எபிரெயச் சொல்லுக்கு உறுதி, நிலைத்திருத்தல் என்று பொருள். நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் ‘ஆமென்’ அதே வேரில் பிறந்தது. அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில் மோசே உயர்த்திய கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் ஒரே நிலையாயிருந்தன என்று யாத்திராகமம் 17ஆம் அதிகாரம் சொல்லுகிறதே, அங்கே ‘நிலையாய்’ என்பதற்கு மூலத்தில் நிற்கும் சொல் இந்த எமுனாதான். அந்தக் கைகள் தாமாக நிலைத்து நிற்கவில்லை என்பதையும் அதே வசனம் சொல்லிவிடுகிறது. மோசே களைத்துப் போனார். ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறு பக்கமுமாக நின்று தாங்கினார்கள்.

குடும்பத்தில் விசுவாசம் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். வீட்டிலுள்ள எல்லாருக்கும் எல்லா நாளும் ஒரே அளவு விசுவாசம் இருப்பதில்லை. வேலை போன மாதத்தில் அப்பாவால் ஜெபிக்க முடிவதில்லை; கல்லூரிக்குப் போன மகனுக்குக் கேள்விகள் எழுகின்றன; கரு கலைந்த மருமகளுக்குப் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை. அப்போது தளர்ந்த கையைப் பார்த்து ‘உனக்கு விசுவாசம் போதவில்லை’ என்று சொல்லுவது எளிது. ஆரோனும் ஊரும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு கல்லைத் தேடிக் கொண்டுவந்தார்கள்.

விசுவாசம் வீட்டுக்குள் தலைமுறை கடந்து வருவதையும் வேதம் பெயர் சொல்லியே காட்டுகிறது. தீமோத்தேயுவின் மாயமற்ற விசுவாசம் முதலில் அவருடைய பாட்டி லோவிசாளிடத்திலும் பிறகு தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்தது என்று 2 தீமோத்தேயு 1:5 சொல்லுகிறது. அவருடைய தாய் யூதப் பெண், தகப்பன் கிரேக்கர் என்பது அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அது ஒரு கலப்பு வீடு. அப்படிப்பட்ட வீட்டின் சமையலறைப் பக்கத்திலிருந்து வளர்ந்து வந்தவர்தான் எபேசு சபையை நடத்தினார்.

அன்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மூன்றில் இதுதான் தமிழருக்குப் புரியவைக்கத் தேவையில்லாத சொல், திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்த சொல். ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். ‘அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது’ என்று தொடங்கும் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரப் பகுதி நம் திருமணங்களில் வாசிக்கப்படாமல் இருப்பது அரிது. பட்டும் சந்தனமும் மணக்கும் அந்த நேரத்தில் அது காதல் கவிதை போலவே ஒலிக்கும். அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல் அதைக் கல்யாணத்துக்காக எழுதவில்லை. ஒருவரோடொருவர் வழக்காடிக்கொண்டிருந்த, கர்த்தருடைய பந்தியில்கூட ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து நிறைந்திருந்த ஒரு சபைக்கு எழுதினார். ஆகையால் அந்தப் பட்டியலில் உள்ளவை எல்லாம் உணர்ச்சிகளைச் சொல்லவில்லை. சண்டை நடக்கும் இடத்தில் செய்யக்கூடியவையும் கூடாதவையும் அவை: பொறாமைப்படாதிருப்பது, இறுமாப்பாயிராதிருப்பது, தற்பொழிவை, அதாவது தன் நலத்தை, நாடாதிருப்பது, தீங்கு நினையாதிருப்பது. கடைசியாகச் சொன்னதற்குக் கிரேக்கத்தில் நிற்கும் சொல் கணக்கு எழுதுவதற்குரியது. 12 வருஷத்துக்கு முன்னால் தலைத்தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் யார் யாருக்கு என்ன புடவை எடுத்தார்கள் என்பது வரையில் பிசகாமல் சொல்லக்கூடிய ஞாபகசக்தி நம் குடும்பங்களில் உண்டு. அந்தக் கணக்குநோட்டை மூடுவதுதான் அங்கே அன்பு எனப்படுகிறது.

இனிப் பரிசுத்தம். மிகுதியாகத் தவறாய் விளங்கிக்கொள்ளப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சொல்லிலேயே ‘சுத்தம்’ இருக்கிறது. நம் மண்ணிலோ சுத்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் தீட்டு, மடி, ஆசாரம் என்று ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. ஆகவே பரிசுத்தம் என்றதும், அழுக்கான எதையோ தொடாமல் விலகியிருப்பது என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது. இதனால் பரிசுத்தமான வீடு என்பது சினிமா பார்க்காத, நகை போடாத, அடுத்த வீட்டுப் பலகாரத்தை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாத வீடு என்று ஒரு சித்திரம் உருவாகிவிட்டது. இவற்றில் சிலவற்றை மனச்சாட்சிக்காகக் கடைப்பிடிப்பவர்களை நான் பரிகாசம் செய்யவில்லை. ஆனால் வேதம் சொல்லும் பரிசுத்தம் இதிலிருந்து தொடங்குவதில்லை.

‘காதோஷ்’ என்ற எபிரெயச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள், ஒரு நோக்கத்துக்கென்று பிரித்து வைக்கப்பட்டது என்பதாகும். இதை விளக்க எங்கள் தாமிரபரணிப் பக்கத்து விதை நெல்லைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. அறுவடையில் நல்ல நெல்லைத் தனியே ஒதுக்கி, வைக்கோலால் சுற்றிப் பிரி போட்டு, சாணி மெழுகிக் கோட்டை கட்டி வைப்பார்கள். வீட்டில் அரிசி தீர்ந்து கடன் வாங்கும் நிலை வந்தாலும் அந்தக் கோட்டையைப் பிரிக்க மாட்டார்கள். மற்ற நெல் அசுத்தமானது என்பதற்காக அதை ஒதுக்கவில்லை. அதே வயலில், அதே சேற்றில் விளைந்த நெல்தான் அதுவும். அடுத்த விதைப்புக்கென்று குறிக்கப்பட்டிருப்பதுதான் வேறுபாடு. பருவம் வந்ததும் அது மறுபடியும் சேற்றுக்குள் போக வேண்டும். கோட்டைக்குள்ளேயே இருந்துவிட்ட விதை நெல்லால் யாருக்குப் பயன்?

இதை வேதத்தில் ஒரே அதிகாரத்தில் காண விரும்புகிறவர்கள் லேவியராகமம் 19ஐ வாசிக்கலாம். ‘உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்’ என்று 2ஆம் வசனம் முழங்குகிறது. அடுத்து வருவது பலிபீடமாக இருக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். வருவதோ வீடு: அவனவன் தன் தாய்க்கும் தகப்பனுக்கும் பயந்திருக்க வேண்டும் என்கிறது 3ஆம் வசனம். பத்துக் கற்பனைகளில் தகப்பனுக்குப் பிறகு வரும் தாய், இங்கே முதலில் வருகிறாள். பிறகு வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விடுவது, செவிடனை நிந்தியாதது, குருடனுக்கு முன் தடுக்கலை வைக்காதது, நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திருப்பது, தராசிலும் படியிலும் கள்ளம் செய்யாதது என்று போகிறது. ‘உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக’ என்று இயேசு எடுத்துக் காட்டிய கற்பனையின் பிறப்பிடமும் இந்த அதிகாரந்தான். 18ஆம் வசனத்தில் இருக்கிறது. அன்பு பரிசுத்தத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிற ஒன்று என்று நினைக்கிறவர்கள் அது எங்கே பிறந்தது என்பதைக் கவனிக்கட்டும்.

அந்த அதிகாரத்தின் 13ஆம் வசனத்தை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது அது. பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு மாதம் 1ஆம் தேதி சம்பளம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிற அவசரம், ‘நாளைக்கு வாங்கிக்கிடுங்க’ என்று சொல்லிவிட்டுக் காணிக்கைக் கவரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். அந்த அக்காவுக்கோ அன்றைக்குத்தான் குழுக் கடன் தவணை. கவருக்குள் போகிற பணம் பரிசுத்தமானதுதான். மேசை இழுப்பறைக்குள் தங்கிவிட்ட பணத்தைத்தான் லேவியராகமம் கேட்கிறது. இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். அந்த வசனத்தைப் பல தடவை வாசித்த பிறகும் செய்திருக்கிறேன்.

பரிசுத்தமும் தீட்டும் எதிர் எதிர்த் திசையில் ஓடுபவை என்பதற்கு இன்னும் ஒரு சான்று காட்டலாம். ஆகாய் தீர்க்கதரிசி 2ஆம் அதிகாரத்தில் ஆசாரியர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார். பரிசுத்த மாம்சத்தைக் கொண்டுபோகிறவனுடைய வஸ்திரத்தின் தொங்கல் அப்பத்தில் பட்டால் அப்பம் பரிசுத்தமாகுமா என்பது முதல் கேள்வி. ஆகாது என்கிறார்கள். பிணத்தால் தீட்டுப்பட்டவன் தொட்டால் அது தீட்டுப்படுமா என்பது இரண்டாவது. தீட்டுப்படும் என்கிறார்கள். தீட்டு தொற்றும், பரிசுத்தம் தொற்றாது என்பது பழைய முறை. சுவிசேஷங்களில் இது தலைகீழாகிறது. இயேசு குஷ்டரோகியைத் தொடுகிறார். தொட்டவர் தீட்டுப்படவில்லை, தொடப்பட்டவன் சுத்தமாகிறான். 12 வருஷம் உதிரப்போக்கில் தவித்த பெண் கூட்டத்தில் பின்னால் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவளுடைய உதிரத்தின் ஊறல்தான் நின்றது.

இந்தத் திருப்பத்தைப் பவுல் குடும்பத்துக்குள் கொண்டுபோகும் இடம் 1 கொரிந்தியர் 7:14. கணவன் மனைவி இருவரில் ஒருவர் மட்டும் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட வீடுகள் கொரிந்துவில் இருந்தன. விசுவாசியாத துணையோடு வாழ்ந்தால் தமக்குத் தீட்டாகிவிடுமோ என்று அஞ்சியவர்களுக்கு, நேர்மாறாகத்தான் நடக்கிறது என்று அவர் பதில் எழுதுகிறார்: அவிசுவாசியான புருஷன் மனைவியால் பரிசுத்தமாக்கப்படுகிறான், அவிசுவாசியான மனைவி புருஷனால் பரிசுத்தமாக்கப்படுகிறாள், பிள்ளைகளும் பரிசுத்தமாயிருக்கிறார்கள். ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பாயில் படுக்கும் வாழ்க்கையில் பரிசுத்தம் தொற்றிக்கொள்கிறது என்பதே அவர் சொல்ல வருவது. துணையை மதம் மாற்றியே தீருவேன் என்று கிளம்புவதற்கான உரிமைச்சீட்டாக இதை எடுத்துக்கொள்ளவும் கூடாது. அடுத்த இரண்டு வசனங்களில், ‘நீ உன் புருஷனை இரட்சிப்பாயோ இல்லையோ, உனக்கு எப்படித் தெரியும்?’ என்று பவுலே கேட்டுவிடுகிறார்.

மூன்றையும் தனித்தனியே சொன்னேன். வீட்டில் அவை தனித்தனியே நிற்பதில்லை. ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் கெட்டுப்போகின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைத்த முக்கியமான செய்தி.

அன்பில்லாத பரிசுத்தத்துக்கு இயேசுவே ஓர் உதாரணம் காட்டியிருக்கிறார். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் ‘கொர்பான்’ என்ற ஏற்பாட்டைப் பற்றிப் பேசுகிறார். பெற்றோருக்குச் செலவிட வேண்டிய பொருளைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று அறிவித்துவிட்டால், அதன்பின் பெற்றோர் அதைக் கேட்க முடியாது. பார்வைக்குப் பரம பக்தி. உள்ளே தாய் தகப்பனுக்குக் கஞ்சி ஊற்றாமல் தப்பித்துக்கொள்ளும் தந்திரம். நம்மிடையே இதற்கு வேறு வடிவங்கள் உண்டு. கன்வென்ஷன் கூட்டங்களுக்கு ஊர் ஊராகப் போக நேரம் இருக்கும். படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இருக்காது. தன் வீட்டாரை விசாரியாமற்போகிறவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்லும்போது, விசுவாசத்தை மறுதலிக்க வாயைத் திறக்கவே தேவையில்லை என்றாகிறது.

பரிசுத்தமில்லாத அன்பு என்பதும் ஒன்று உண்டு. சொந்த பந்தத்தின்மேல் பாசம் இருக்கும், அந்தப் பாசத்துக்கு நியாயம் இருக்காது. மகன்மேல் உள்ள அன்பினால்தான் பலர் வரதட்சணை கேட்கிறார்கள்; ‘நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க போடுறதப் போடுங்க’ என்ற வாசகமும் அந்த அன்பின் மொழிதான். 1961ஆம் ஆண்டிலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. மூன்று ஞாயிறுகள் ஆலயத்தில் திருமண ஓலை வாசிக்கப்படுகிறது. தடை சொல்பவர்கள் சொல்லலாம் என்று அறிவிக்கப்படுகிறது. அதே மூன்று வாரங்களில்தான் எத்தனை பவுன் என்ற பேச்சும் வீடுகளில் நடக்கிறது. ஓலைக்கு யாரும் தடை சொல்லுவதில்லை. கள்ளத் தராசைப் பற்றிப் பேசிய லேவியராகமம் இந்தத் தராசை மட்டும் விட்டுவைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விசுவாசத்தையும் அன்பையும் காட்டி அநியாயத்தைச் சகிக்கச் சொல்லுவது இன்னொரு கோளாறு. அடிவாங்கும் மனைவியிடம் ‘ஜெபம் பண்ணு, பொறுத்துப் போ’ என்று சொல்லிவிட்டு, அடிக்கிற கணவனிடம் ஒன்றும் சொல்லாத ஆலோசனை அது. மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்று தொடங்கும் எபேசியர் 5:22க்கு முந்திய வசனம், ‘ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’ என்று இருவருக்கும் சொல்லுகிறது. 1 பேதுரு 3:7 இன்னும் ஒரு படி மேலே போய், மனைவிக்குரிய கனத்தைக் கணவன் செலுத்தாவிட்டால் ஜெபங்களுக்கே தடை வரும் என்று எச்சரிக்கிறது. கைநீட்டிய கணவன் முழங்காலில் நின்று என்ன கேட்டாலும் வழி அடைபட்டிருக்கிறது என்பதைக் காட்டிலும் கடுமையாக ஒரு பக்தனிடம் என்ன சொல்லிவிட முடியும்?

குடும்ப வாழ்க்கை பரிசுத்தத்துக்கு உரிய இடம் என்பதைத் திருச்சபை எப்போதும் ஒரே உறுதியோடு சொன்னது என்று கூறிவிட முடியாது. துறவறமே மேலான வழி, இல்லறம் பலவீனருக்கானது என்ற எண்ணம் ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. சீர்திருத்த சபைகளுக்கு வழிதிறந்த மார்ட்டின் லூத்தர் 1522இல் திருமணத்தைப் பற்றி எழுதியபோது, குழந்தையின் மூத்திரத்துணியை அலசும் ஒரு தகப்பனைக் காட்டினார். அக்கம்பக்கத்தார் அவனைப் பெண்பிள்ளைத்தனமான மூடன் என்று சிரிப்பார்கள். தேவனோ தம் தூதர்களோடு சேர்ந்து மகிழ்ந்து நகைப்பார், அவன் துணி துவைப்பதற்காக அல்ல, அதை விசுவாசத்தோடு செய்வதற்காக என்றார். அப்போது லூத்தருக்குத் திருமணமே ஆகியிருக்கவில்லை. கத்தரீனாவை அவர் மணந்தது 1525இல். துணி அலசும் அனுபவம் அதற்குப் பிறகுதான் வந்திருக்கும். 1529இல் அவர் எழுதிய சிறு ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலின் பகுதிகளுக்கு, வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாய்க் கற்றுத்தர வேண்டிய முறை என்று தலைப்பிட்டிருந்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. தூய வாழ்வுக்கான அழைப்பு துறவிகளுக்கு மட்டும் உரியதன்று, எல்லாருக்கும் உரியது என்று ஓர் அதிகாரம் முழுக்க எழுதியது. 2015 அக்டோபர் 18 அன்று பிரான்சு நாட்டின் லூயி மார்ட்டினும் அவர் மனைவி செலியும் தம்பதியராகச் சேர்ந்து புனிதர் பட்டம் பெற்றனர். அவ்வாறு ஒருசேரப் பட்டம் பெற்ற முதல் தம்பதியர் அவர்கள். லூயி கடிகாரம் பழுதுபார்ப்பவர். செலி பின்னல் சரிகைத் தொழில் நடத்தியவர். பிற்பாடு லூயி தம் கடையை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணைநின்றார். ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்தார்கள். செலி எழுதிய 200க்கு மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் வியாபாரக் கவலை, பிள்ளைகளின் நோய், சொல் பேச்சுக் கேளாத மகள் லெயோனியைப் பற்றிய மனவேதனை எல்லாம் இருக்கின்றன. புனிதர் ஒருவரின் கடிதத்தில் சரக்கு அனுப்பத் தாமதமானதைப் பற்றிய கவலையைப் பார்ப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

நம் பக்கத்திலேயே, நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் இருக்கிறார். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராய் இருந்து 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர். மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகிய தேவசகாயம் சிறைப்பட்டு வதைக்கப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது, சாதிப் பின்னொட்டு இல்லாமல் தேவசகாயம் என்றே அழைக்கப்பட்டார். இந்தியாவின் பொதுநிலையினரில், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களில், புனிதரான முதல்வர் அவர். திருமணமானவர். கிறிஸ்தவ மணமகன் தேவை விளம்பரங்களில் இன்றும் சபைப் பெயருக்கு முன்னால் சாதிப் பெயர் இடம்பிடிப்பதைப் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.

இனி, நடைமுறையில் எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு. பெரும்பாலான வீடுகளில் தொடக்கம் குடும்ப ஜெபந்தான். கத்தோலிக்க வீடுகளில் செபமாலை. இராச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, ஒரு ஜெபம். கால் மணி நேரம் போதும். நீளமான ஜெபம் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஜெபத்தையே திட்டுவதற்குப் பயன்படுத்துவது அவர்களை விலகவைக்கும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. ‘ஆண்டவரே, படிக்காமல் போனையே நோண்டிக்கொண்டிருக்கிற இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லப்படும் ஜெபம் பரலோகத்தை நோக்கிப் புறப்படுவதில்லை. எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் பையனை நோக்கித்தான் புறப்படுகிறது. பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 தகப்பன்மாருக்குச் சொல்லுவது இத்தகைய இடங்களுக்கும் பொருந்தும்.

அன்றைக்கு வீட்டில் சண்டை நடந்திருந்தால் ஜெபத்தை என்ன செய்வது என்பது புதியவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி. சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியக்கடவது என்று எபேசியர் 4:26 சொல்லுகிறது. மலைப்பிரசங்கமோ காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய், முன்பு சகோதரனோடே ஒப்புரவாகச் சொல்லுகிறது. அப்படியென்றால் வேதாகமத்தை விரிப்பதற்கு முன்னால் அடுப்படிக்குப் போய் ‘நான் கத்தினது தப்பு’ என்று சொல்லிவிட்டு வருவதுதான் அன்றைய ஜெபத்தின் முதல் பகுதி. இதைப் பிள்ளைகள் காதில் விழும்படியே சொல்லலாம். கத்தியதையும் அவர்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்.

என் ஆச்சியின் வீட்டில் அடுப்படிச் சுவரோரம் மூடி போட்ட ஒரு தகர டப்பா இருந்தது. உலையில் இடுவதற்கு அரிசியை அளந்து முறத்தில் கொட்டியதும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த டப்பாவில் போட்ட பிறகுதான் கல் பொறுக்க உட்காருவாள். பிடி அரிசிக் காணிக்கை என்று அதற்குப் பெயர். டப்பா நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். வீட்டில் ஆள் கூடின நாளிலும் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி மாறாது. ஒருநாள் தாத்தாவோடு பெரிய சண்டை; ஆச்சி பேசாமலேயே இருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையைத் துடைத்துக்கொண்டு அரிசியை அளந்தாள், ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டாள், மூடினாள். பிறகு என்னைப் பார்த்து, ‘தாத்தாவுக்குக் கஞ்சியா சோறான்னு கேட்டுட்டு வா’ என்றாள்.